வெள்ளாட்டுக்கு வயிறு கெடாமல் தீனி வைப்பது எப்படி?

மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம்: மொத்தம் 14 வெள்ளாடுகள். கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை ஓர் அண்டா நிறைய வாங்கி வந்து சாயங்காலம் தொட்டியில் கொட்டியிருக்கிறார். விடிந்து பார்த்தால் மூன்று ஆடுகள் இரை எடுக்கவில்லை. வயிறு உப்பி, தண்ணீராகக் கழிச்சல். நல்லெண்ணெயும் இஞ்சிச்சாறும் புகட்டியும் ஒன்று மறுநாள் செத்துவிட்டது. சோறு கெட்டுப்போயிருந்ததா, துள்ளுமாரி என்னும் குடல்நஞ்சு நோயா, இனி எப்படித் தீனி வைப்பது என்று கேட்கிறார்.

சோறு ஊசிப்போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்போதுதான் வடித்த சோறாக இருந்தாலும் இதே கதிதான். பழக்கமில்லாத மாவுச்சத்து ஒரே வேளையில் வயிறு நிறையப் போனதுதான் காரணம். தை, மாசியில் களத்துமேட்டில் நெல் பொலியில் வாய் வைத்த ஆடு, குருணை மூட்டையைக் கிழித்துத் தின்ற ஆடு எல்லாம் சாவது இதே முறையில்தான். தீனி மோசமாக இருப்பதைவிட, தீனி திடீரென்று மாறுவதுதான் வெள்ளாட்டை அதிகம் கொல்கிறது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். அதில் இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பது பெருவயிறு. அங்கே செரிமானத்தைச் செய்வது நுண்ணுயிர்கள். இலை, தழை, கொடி என்று நாரைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் ஒரு வகை, மாவுச்சத்தைத் தின்பவை இன்னொரு வகை. நாள் முழுக்க அசைபோடுகிற ஆட்டுக்கு உமிழ்நீர் லிட்டர் கணக்கில் உள்ளே இறங்கும். அந்த உமிழ்நீரில் இருக்கும் காரத்தன்மை, பெருவயிற்றின் அமிலகார நிலையை (pH) 6-க்கும் 7-க்கும் நடுவில் பிடித்து வைக்கும். ஒரேயடியாகச் சோறோ தானியமோ விழுந்தால் மாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகி, தயிரைப் புளிக்க வைக்கும் அதே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். நிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகத் தொடங்கும். 5-க்கும் கீழே போனால் பெருவயிறு அசைவதையே நிறுத்திவிடும். அமிலத்தின் அடர்த்தி ரத்தத்திலிருக்கும் நீரை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். வயிறு பெரிதாகத் தெரிவதும், கண் குழிவிழுவதும், தண்ணீராகக் கழிவதும் அதனால்தான். சோறு வெந்த மாவு என்பதால் முழு நெல்லைவிட வேகமாகப் புளிக்கும்.

வயிறு பெருத்த ஆட்டைக் கண்டதும் எண்ணெயை எடுப்பதற்கு முன் இடது பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். நல்ல ஆட்டில் அந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை அலைபோலக் கையைத் தள்ளும். பள்ளம் மேடாகி, விரலால் தட்டினால் மத்தளம் போலச் சத்தம் வந்தால் காற்று. இறுகிப்போய், தட்டினால் சத்தம் மந்தமாக வந்தால் நுரை உப்புசம். முஷ்டியால் இடித்துத் தள்ளும்போது உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்டு, கழிச்சல் புளித்த வாடை அடித்தால் அமில நோய். உங்கள் ஆடுகளுக்கு வந்தது இது. விரலால் அழுத்திய குழி பிசைந்த மாவில் போல அப்படியே நின்றால் தீனி கட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் காட்டாமல் காய்ந்த தட்டையை மட்டும் போட்டாலும், வயிற்றில் பிளாஸ்டிக் சேர்ந்தாலும் இப்படி ஆகும். நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

அமில நோய்க்கு எண்ணெய் உதவாது. ஆடு சோற்றையோ நெல்லையோ தின்றுவிட்டது என்று தெரிந்த உடனே, அது சோர்ந்து படுக்கும் முன்பே, 20 முதல் 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு 15 முதல் 20 கிராம் ஆப்பசோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டுங்கள். கடையில் கேட்டு வாங்கும்போது கவனம்: சமையலுக்குப் போடும் சோடாதான் வேண்டும். துணிக்குப் போடும் சலவைச் சோடா வாயையும் தொண்டையையும் பொசுக்கிவிடும். மோர், புளிக்கரைசல், எலுமிச்சைச்சாறு என்று எதையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே அமிலத்தில் தத்தளிக்கும் வயிற்றில் இன்னும் அமிலம் சேர்ப்பதாகிவிடும். மிச்சச் சோற்றை அகற்றிவிட்டு, வைக்கோலோ காய்ந்த கடலைக்கொடியோ மட்டும் முன்னால் வையுங்கள். தண்ணீரைத் தொட்டி நிறையக் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள். நடக்க முடிகிற ஆட்டை மணிக்கொரு தடவை சிறிது நடத்துங்கள்.

புகட்டும் முறையிலேயே பல ஆடுகள் சாகின்றன. தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் திரவம் நுரையீரலுக்குப் போகும். நோய் தீர்ந்தாலும் நான்கைந்து நாளில் நுரையீரல் அழற்சியில் ஆடு போய்விடும். தாடை தரைக்கு இணையாக இருக்கட்டும். கடைவாயோரம் பாட்டிலின் வாயையோ மூங்கில் குழாயையோ நுழைத்து, ஒரு மடக்கு ஊற்றி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த மடக்கு. இருமினால் உடனே விட்டுவிடுங்கள். தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும் ஆட்டுக்கு வாய் வழியாக எதையும் ஊற்றக்கூடாது. அந்த நிலையில் ரத்தக்குழாய் வழியாகச் சோடா பைகார்பனேட்டும் குளுக்கோஸ் உப்புத் திரவமும் ஏற்ற மருத்துவர்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வருகிற மருத்துவரிடம் வைட்டமின் பி1 (தயமின்) ஊசி பற்றிக் கேளுங்கள். அமிலம் வயிற்றில் தயமினை அழித்துவிடுவதால், பிழைத்த ஆடு நாலு நாள் கழித்துக் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டும், கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டும் நிற்பதுண்டு.

பிழைத்த இரண்டு ஆடுகளும் இன்னும் சரியாக இரை எடுக்கவில்லை என்கிறீர்கள். உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போனதால் பசியே வராது. டானிக்கைவிட நல்ல மருந்து, இன்னொரு நல்ல ஆட்டின் பெருவயிற்று நீர். ஆடு அறுக்கும் இடத்தில், ஆரோக்கியமாக இருந்து அறுபட்ட ஆட்டின் இரைப்பையிலிருந்து அப்போதே தழைக்கூளத்தைப் பிழிந்து, துணியில் வடிகட்டி, வெந்நீரில் கழுவிய பிளாஸ்கில் சூடு ஆறாமல் எடுத்து வந்து, ஒரு மணி நேரத்துக்குள் அரை லிட்டர் புகட்ட வேண்டும். இதை மருத்துவரைக் கொண்டு குழாய் வழியாகச் செய்வது நல்லது. ஆறிப்போனதையும், காற்றில் திறந்து வைத்ததையும் கொடுப்பதில் பயனில்லை. அதன்பிறகு ஒரு வாரத்துக்குத் தானியமே வேண்டாம்; வாடிய குழையும் காய்ந்த கொடியும் போதும்.

எண்ணெய்க்கு வேலை உள்ள இடம் நுரை உப்புசம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லையும், பனி ஈரத்தோடு பயறுக் கொடியையும், குதிரைமசாலையும் வெறும் வயிற்றில் மேயவிட்டால் இது வரும். காற்று நுரைக்குள் சிக்கிக்கொண்டு ஏப்பமாக வெளியேறாது. பெரிய ஆட்டுக்கு 100 மில்லி, குட்டிக்கு 30 முதல் 50 மில்லி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ புகட்டி, முன்னங்கால்களை மேடான இடத்தில் நிறுத்தி, இடது பக்கத்தை நீவிவிடுங்கள். வேப்பங்குச்சியைக் கடிவாளம்போல வாயில் குறுக்கே கட்டினால் ஆடு மென்றுகொண்டே இருக்கும், உமிழ்நீர் ஊறும், ஏப்பம் வரும். மூச்சுத் திணறி நாக்கு நீலம் பாய்ந்தால் காத்திருக்க நேரம் இல்லை. இடது பள்ளத்தில் குழாய்க்குத்தி போட்டுக் காற்றை விடுவிக்க மருத்துவர் வர வேண்டும். வெறும் காற்று உப்புசத்தோடு எச்சில் வடித்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால் தொண்டையைப் பாருங்கள். மாங்காய்க் காலத்தில் அழகர்மலை அடிவாரத்திலும் நத்தம் பக்கத்திலும் மாங்கொட்டை தொண்டையில் சிக்கும் ஆடுகள் உண்டு. அப்போது எண்ணெய் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

இனி அன்றாடத் தீனி. 25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர் எடை தேவை, அதாவது உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம். கொட்டகையிலேயே கட்டிப் போட்டு வளர்த்தால் இரண்டரைக் கிலோ பசுந்தீவனம், கால் கிலோ கடலைக்கொடியோ உளுந்தங்கொடியோ, 150 கிராம் கலப்புத் தீவனம் என்பது சரியான அளவு. பசுந்தீவனத்தில் பாதிக்குமேல் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர், கோ.எஃப்.எஸ்-29 சோளம் போன்ற புல் இருக்கலாம், மீதி மரத்தழை. ஆறேழு மணி நேரம் மேயும் ஆட்டுக்கு மாலையில் ஒரு கிலோ குழையும், சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் கூடுதலாகக் கலப்புத் தீவனமும் போதும். வெள்ளாடு செம்மறிபோலத் தரையைச் சுரண்டும் பிராணி இல்லை. தலையை நிமிர்த்தி, கொப்பில் இருக்கும் இலையை உருவித் தின்பதுதான் அதன் பழக்கம். தொரட்டியால் ஒடித்த குழையைத் தரையில் வீசாமல், ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் வீணாவதும் குறையும், மூத்திரமும் புழுக்கையும் பட்ட தழையைத் தின்று புழு ஏறுவதும் குறையும்.

தழைகளில் அகத்தி, கல்யாண முருங்கை, பூவரசு, கொடுக்காப்புளி, வேம்பு, வெள்வேல் எல்லாம் இந்தப் பக்கத்து ஆடுகளுக்குப் பழகியவை. ஒரே தழையாகப் போடாமல் மூன்று நான்கைக் கலந்து போடுங்கள். சூபாபுல் தழை பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதிலிருக்கும் மைமோசின் மயிரை உதிர்க்கும், கழுத்தில் தைராய்டு சுரப்பியை வீங்க வைக்கும். கிளைரிசிடியாவை வெட்டி அரை நாள் வாடவிட்டுப் போட்டால்தான் ஆடு விரும்பித் தின்னும். சீமைக்கருவேல் நெற்று இனிப்பு என்பதால் ஆடு தேடித் தின்னும். சித்திரை, வைகாசியில் வேறு எதுவும் இல்லாத நேரத்தில் அது உயிர் காக்கும் தீனிதான். ஆனால் அதிலும் சர்க்கரை அதிகம். மூட்டை மூட்டையாகச் சேர்த்துக் கொட்டினால் சோறு செய்ததையே அதுவும் செய்யும்.

கலப்புத் தீவனத்தை வீட்டிலேயே செய்யலாம். 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளமோ கம்போ 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 2 கிலோ, உளுந்தம் பொட்டோ துவரம் பொட்டோ 1 கிலோ 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சாதாரண உப்பு 100 கிராம். தானியத்தை மாவாக அரைக்காதீர்கள். மாவு வேகமாகப் புளிக்கும், மூக்கில் ஏறும். ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். புண்ணாக்கை உடைத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தாலும், உள்ளே பச்சை அல்லது சாம்பல் நிறம் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். அதில் வளரும் நஞ்சு கல்லீரலைத் தின்றுவிடும். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு போகாது.

புதிய தீனிக்கு மாற 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கலப்புத் தீவனம் பழகாத ஆட்டுக்கு 50 கிராமில் தொடங்கி, மூன்று நாளைக்கு ஒரு தடவை 25 கிராம் ஏற்றுங்கள். நாளுக்கு 200 கிராமைத் தாண்டினால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். எப்போதும் முதலில் கொடியோ குழையோ தின்ன வைத்து, பிறகு தானியம். திருமங்கலம் சந்தையில் வாங்கி வந்த ஆட்டை அன்றைக்கே உங்கள் தொட்டியில் கட்டாதீர்கள். சந்தைக்கு வந்த அலைச்சலில் பட்டினி கிடந்த வயிறு அது. முதல் நாள் தண்ணீரும் காய்ந்த கொடியும் மட்டும். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்தால் நோய் பரவாமலும் தடுக்கலாம்.

நேர்த்திக்கடனுக்குக் கெடா வளர்ப்பவர்கள் தவிட்டையும் கஞ்சியையும் கழனித்தண்ணியையும் அள்ளிக் கொடுத்து வளர்ப்பது நம் பக்கத்து வழக்கம். சதை போடும்; கூடவே வேறொரு வினையும் சேரும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. விதையடித்த கெடாவின் மூத்திரக்குழாய் குறுகலானது, அதில் கல் அடைத்துக்கொள்ளும். கெடா முதுகைக் குனித்து முக்கினால் பலரும் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். அடியில் மயிரைப் பாருங்கள். மூத்திரம் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, மயிர் நுனியில் மணல்போல உப்பு ஒட்டியிருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வராமல் தடுக்க, தவிட்டைக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்தி, உப்பும் தாது உப்பும் சேர்த்து, நல்ல தண்ணீரை நாள் முழுக்க வையுங்கள். பெரிய ஆடு சாதாரண நாளில் 4 லிட்டர் வரை குடிக்கும், சித்திரை வெயிலில் அதற்கு மேலும் கேட்கும். விதையடிப்பதையும் மிகச் சின்னக் குட்டியில் செய்யாமல் தள்ளிப்போட்டால் குழாய் சற்று அகலமாக வளரும்.

தீனி என்று நினைத்துப் போடும் நஞ்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கத்து மானாவாரிச் சோளம், மழை பொய்த்து வாடி நிற்கும்போதும், வெட்டிய தூரிலிருந்து மறுபடி தழைக்கும்போதும் இலையில் சயனைடு சேர்த்து வைத்திருக்கும். பூ எடுக்கும் முன் பசுமையாக மேய்ந்தால் நிமிடக் கணக்கில் ஆடு விழும். பூத்த பிறகு வெட்டி, நன்றாக வெயிலில் உலர்த்திப் போடுவது பாதுகாப்பு. அரளி இன்னும் கொடியது. கோயில் மாலைகளையும் பூச்சந்தைக் கழிவையும் ஆட்டுக்குக் கொட்டுபவர்கள் அதில் அரளி கலந்திருப்பதைப் பார்ப்பதில்லை. சில இலைகளே ஒரு ஆட்டின் இதயத்தை நிறுத்தப் போதும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. கண்மாய்க் கரையில் வளரும் நெய்வேலிக் காட்டாமணக்கைப் பழகித் தின்னும் ஆடு நாளடைவில் தலை ஆடி, கால் தள்ளாடி இளைத்துப்போகும்.

கண்மாய் என்றதும் புழு. தண்ணீர் வற்றும்போது உள்வாயில் முளைக்கும் பசும்புல்லில் நத்தை வழியாகத் தட்டைப்புழுக் குஞ்சுகள் காத்திருக்கும். அங்கே மேய்த்த ஆடு நாற்றமான கழிச்சலோடு, தாடைக்குக் கீழே நீர் கோத்து நின்றால் சாதாரண குடற்புழு மருந்து கேட்காது. சாணத்தைச் சோதித்து, அதற்கான மருந்து கொடுக்க வேண்டும். உருண்டைப் புழுவில் மோசமானது நான்காம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் உறிஞ்சுவது. கழிச்சலே இல்லாமல் ஆட்டை வெளுக்க வைக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பாக இருப்பது நல்லது. வெள்ளைத் தாள்போல இருந்தால் அந்த ஆட்டுக்கு உடனே மருந்து. கிடை முழுவதுக்கும் மாதாமாதம் ஒரே மருந்தை ஊற்றுவதால் மருந்துக்கு அடங்காத புழுதான் மிஞ்சும். எடையைக் குறைத்து மதிப்பிட்டு ஊற்றுவதும் அதையே செய்யும். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பென்டசோல் கொடுக்காதீர்கள், குட்டி ஊனமாகும். பனி உலர்வதற்கு முன் மேய்ச்சலுக்கு விடாமல் இருந்தாலே பாதிப் புழு குறையும். ஈரப் புல்லின் நுனிவரை ஏறி நிற்கும் குஞ்சுகள், வெயில் ஏறியதும் கீழே இறங்கிவிடும்.

குட்டிக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி, நான்கைந்து தடவையாக. இரண்டு வாரத்தில் குட்டிகளை அடைக்கும் கொடாப்புக்குள் இளந்தழை கட்டிவிட்டால் கொறிக்கத் தொடங்கும். பெருவயிறு வளர்வது அந்தக் கொறிப்பில்தான். மூன்று வாரத்துக்கு மேல், ஈரமான நெரிசலான கொட்டகையில் ரத்தம் கலந்த கழிச்சல் வந்தால் அது புழு மருந்துக்கு அடங்காத ரத்தக்கழிச்சல் கிருமி. தரையைக் காயவைப்பதும், மருத்துவர் தரும் சல்பா அல்லது ஆம்ப்ரோலியமும்தான் வழி.

துள்ளுமாரியா என்று கேட்டிருந்தீர்கள். அது வேறு நோய், ஆனால் தொடக்கம் ஒன்றேதான். குடலில் எப்போதும் இருக்கும் ஒரு கிருமி, செரிக்காத மாவுச்சத்தோ பாலோ திடீரென்று குடலுக்கு இறங்கும்போது பெருகி நஞ்சைக் கக்கும். அதில் சாவது பெரும்பாலும் நன்றாகத் தின்று கொழுத்த குட்டி. காலையில் துள்ளி விழுந்து இழுத்து, கழிச்சலுக்கு நேரமே இல்லாமல் செத்துவிடும். உங்கள் ஆடு ஒரு நாள் முழுக்க இழுத்துக்கொண்டு புளித்த கழிச்சலோடு செத்திருப்பதால் அமில நோய்க்கே அதிக வாய்ப்பு. கழிச்சலோடு காய்ச்சலும் மூக்கொழுகலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து பல ஆடுகளுக்கு வந்தால் ஆட்டுக்கொல்லி நோயைச் சந்தேகியுங்கள். வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நல்ல ஆட்டுக்கு 101.5 முதல் 103.5 பாரன்ஹீட் இருக்கும்; ஆட்டுக்கொல்லியில் 105-ஐத் தாண்டும், அமில நோய் முற்றினால் இயல்புக்கும் கீழே இறங்கும். துள்ளுமாரிக்கு மழைக்கு முன்னால் தடுப்பூசி, முதல் தடவை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொன்று. ஆட்டுக்கொல்லிக்கு மூன்று மாதம் கடந்த குட்டிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஓர் ஆடு செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் சொல்லி, வெயிலில் ஊதிப்போகும் முன் சில மணி நேரத்துக்குள் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெருவயிற்றில் புளித்த சோறா, பிளாஸ்டிக் உருண்டையா, நான்காம் இரைப்பையில் புழுவா என்று அங்கே கண்ணால் பார்த்துவிடலாம். மீதி ஆடுகளுக்கு என்ன செய்வது என்பது அதில் தெரிந்துவிடும். ஆனால் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்து திடீரென்று செத்த ஆட்டை யாரும் அறுக்கக்கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். அதைத் திறக்காமல் மருந்தகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நோயில் செத்த எந்த ஆட்டின் கறியையும் விற்கவோ தின்னவோ வேண்டாம்.